ஐஸ் தண்ணில மூஞ்சிய முக்குறதுக்கு ஆறு மாசமா?

11.02.2024, கேள்வி

எங்க அக்கா மகளுக்கு 15 வயசு. ரொம்ப நாளா தன்னைத்தானே காயப்படுத்திக்கிட்டு இருந்திருக்கா, போன வாரம்தான் எங்களுக்குத் தெரிஞ்சது. டாக்டர் 'டிபிடி' எடுங்கன்னு சொல்லி ஒரு தாள் குடுத்திருக்காங்க. அதுல எழுதியிருக்குறது: ஐஸ் தண்ணில மூஞ்சிய முக்கு. மூச்சை மெதுவா விடு. கண்ணுக்குத் தெரியுற அஞ்சு பொருளைச் சொல்லு. இதுக்கு ஆறு மாசம், வாரத்துக்கு ரெண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் பீஸ். எங்க ஆச்சி வெத்தலை இடிச்சுக்கிட்டே ஓசில சொல்லிருப்பா இதையெல்லாம். இது ஏமாத்து வேலையா? அனுபவப்பட்டவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

11.02.2024, இரவு

அனுபவப்பட்டவன் சொல்றேன். ஏமாத்து வேலை கிடையாது. ஆனா நீங்க கேட்ட கேள்விய இதே நக்கலோட நானும் கேட்டிருக்கேன், அதுவும் அந்த வைத்தியம் பொறந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு. இருக்குறது அமெரிக்காவுல, சியாட்டிலுக்குப் பக்கத்துல ரெட்மண்ட். டிபிடின்னா டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி, பேச்சும் பயிற்சியுமா நடக்குற ஒரு மனநலச் சிகிச்சை. அதை உருவாக்குன மார்ஷா லினஹன் வேலை பாத்த வாஷிங்டன் பல்கலைக்கழகம் எங்களுக்கு ஏரிக்கு அந்தக் கரை. பாலம் தாண்டினா போதும்.

மொதல்ல அவசரமானது. மாத்திரை டப்பா, கூரான சாமான் எல்லாத்தையும் இன்னைக்கே எடுத்துப் பூட்டச் சொல்லுங்க. அந்தப் பொண்ணுகிட்ட "சாகணும்னு தோணுதா"ன்னு யாராவது ஒருத்தர் நேராக் கேட்டாகணும். கேட்டா இல்லாத நெனப்பைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆயிரும்னு பயப்படாதீங்க, அப்படி ஆகாது. ஆமான்னு சொன்னா ஒரு நிமிஷம்கூடத் தனியா விடாம ஆஸ்பத்திரி. நடுராத்திரின்னா 14416, டெலி மானஸ்ங்குற அரசு மனநல உதவி லைன், தமிழ்லயே பேசலாம். மத்தக் கதையெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

எங்க கதை: 2022 அக்டோபர்ல ஸ்கூல்ல இருந்து போன். மகளுக்கு அப்ப 14. நாலு மாசம் காத்திருப்புப் பட்டியல். 2023 பிப்ரவரியில ஆரம்பிச்சோம். வாரத்துல ஒரு நாள் அவ மட்டும் தெரபிஸ்டோட ஒரு மணி நேரம். இன்னொரு நாள் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் வகுப்பு, பிள்ளைங்களும் பெத்தவங்களும் ஒண்ணா. ஆறு குடும்பம், ஒரு நீள மேஜை, ஆளுக்கொரு தடிமனான பைல். வீட்டுப்பாடம் உண்டு. எனக்கும் உண்டு. ஆறு மாசத்துல சரியாப்போச்சு.

12.02.2024

அந்தத் தண்ணி விஷயத்தைக் கேட்டு மூணு பேர் தனியா எழுதியிருக்கீங்க. பொதுவுலயே சொல்லிர்றேன்.

குனிஞ்சு, மூச்சைப் புடிச்சுக்கிட்டு, கண்ணுக்கும் கன்னத்துக்கும் குளிர்ந்த தண்ணி படுற மாதிரி ஒரு அரை நிமிஷம் மூஞ்சிய முக்கினா, உடம்பு 'நாம தண்ணிக்குள்ள போயிட்டோம்'னு நெனச்சுக்கும். மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தை மிச்சம் புடிக்கணும்னு நாடித்துடிப்பைக் குறைக்கும். முத்துக்குளிக்கிறவருக்கும் நீர்நாய்க்கும் நமக்கும் இது பொது. மனசைச் சமாதானப்படுத்தி உடம்பை அடக்குற வழி அந்த நேரத்துல அடைச்சுக்கெடக்கு. அதனால உடம்பு வழியா உள்ள போறாங்க. ரொம்ப ஐஸா இருக்கணும்னு இல்ல, 10 டிகிரிக்குக் கீழ போகக் கூடாது. பாத்திரமும் தண்ணியும் இல்லாத எடத்துல, துணில சுத்துன ஐஸ் பையைக் கண்ணு மேல வச்சுக்கிட்டுக் குனியலாம்.

இது கோவத்தையும் துக்கத்தையும் தீர்க்காது. கெடைக்குறது ஒரு பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துல அடுத்ததுக்குப் போகணும்: மாடிப்படி ஏறி எறங்குறது, உள்ள இழுக்குறதை விட வெளிய விடுறது நீளமா இருக்குற மூச்சு, இறுக்கித் தளர்த்துற தசைப் பயிற்சி. நாலையும் சேத்து வகுப்புல ஒரு சுருக்கப் பேர் வச்சிருக்காங்க. டிபிடில எல்லாத்துக்கும் சுருக்கப் பேர்தான். எல்ஐசி பாலிசி மாதிரி அடுக்கிக்கிட்டே போவாங்க.

எங்க வீட்ல ஐஸ் பைக்குப் பதிலா உறைஞ்ச பச்சைப் பட்டாணி பாக்கெட். மூஞ்சிக்கு நல்லாப் படியும். ப்ரீசர்ல அதுக்குத் தனி எடம். குருமாவுக்கு அதுல கைவைக்கக் கூடாதுன்னு வீட்டுக்காரி சட்டம்.

12.02.2024, அரை மணி நேரம் கழிச்சு

விட்டுட்டேன். இதய நோய், நாடித்துடிப்பு ஏற்கெனவே மெதுவா இருக்குறவங்க, சாப்பாட்டை ஒதுக்குற நோய் உள்ள பிள்ளைங்க: டாக்டர்கிட்டக் கேக்காம அந்தத் தண்ணி வித்தையைச் செய்யக் கூடாது. வகுப்புல மொதல்ல சொன்னதே இதுதான், நான் கடைசில சொல்றேன்.

15.02.2024

அந்த ஸ்கூல் போன் வந்த நாளைப் பத்தி எழுதணும்னு நாலு நாளா தள்ளிப்போடுறேன்.

கார்ல கூட்டிட்டு வந்தேன். வீடு வர்ற வரைக்கும் பேசல. வந்ததும் நான் சொன்ன மொத வார்த்தை: "உனக்கு நாங்க என்ன கொறை வச்சோம்?" இதை நல்ல கேள்வின்னு நெனச்சுத்தான் கேட்டேன். எங்க அப்பா என்கிட்டக் கேட்டது, அவர்கிட்ட எங்க தாத்தா கேட்டது. பதில் வராதுன்னு தெரிஞ்சே கேக்குற கேள்வி.

வகுப்புல மூணாவது வாரம் இதை ஒரு உதாரணமா நானே சொன்னேன், கொஞ்சம் பெருமையாவே. வகுப்பு எடுத்த அம்மா பலகையில ரெண்டு வட்டம் போட்டாங்க. சில பிள்ளைங்க பொறக்கும்போதே சீக்கிரம் பத்திக்குற ஜாதி. சின்னதுக்கும் பத்தும், பெருசா எரியும், அணைய ரொம்ப நேரமாகும். அது ஒரு வட்டம். அடுத்த வட்டம், அப்படி எரியும்போது சுத்தி இருக்குறவங்க "எங்க எரியுது? ஒண்ணும் எரியலயே"ங்குறது. பிள்ளை அடுத்த தடவை இன்னும் சத்தமா எரிஞ்சு காட்டும். சத்தமானதும் ஓடிவருவோம். அப்ப பிள்ளை எதைக் கத்துக்கும்?

எனக்குக் கோவம் வந்துருச்சு. அப்ப எல்லாம் என் தப்பா? அவங்க சொன்னது: யாரையும் குத்தம் சொல்லல, நெருப்பு உங்களையும் மாத்துது, நீங்க நெருப்பையும் மாத்துறீங்க. அன்னைக்கு எனக்கு இது வழுக்கலாத்தான் பட்டுச்சு. இன்னைக்கும் முழுசா ஒத்துக்கல. ஆறு குடும்பத்துல ரெண்டுல கூடப்பொறந்த பிள்ளை, அதே அப்பா அம்மா, ஜம்முனு இருக்கு. ஆனா அந்த மேஜைல உக்காந்திருந்த பெத்தவங்க எல்லாருக்கும் "என்ன கொறை வச்சோம்" அவங்கவங்க பாஷையில தெரிஞ்சிருந்தது. கொரியன் அம்மா ஒருத்தங்க அவங்க பாஷைல சொல்லிக்காட்டினாங்க. ராகம்கூட அதேதான்.

அப்புறம் பயிற்சி. ஜோடி ஜோடியா உக்காந்து, எதிராளி சொல்றதைக் கேட்டு, அவங்க நெலமைல அது ஏன் நியாயம்னு திருப்பிச் சொல்லணும். 'ஆனா' வரக் கூடாது. நான் ஏழு தடவை தோத்தேன். "புரியுதும்மா, ஆனா…" "கஷ்டமாத்தான் இருந்திருக்கும், ஆனா…" எண்ணிக்கிட்டு இருந்தது என் மக. அன்னைக்குத்தான் அவ ரொம்ப நாள் கழிச்சுச் சிரிச்சா.

16.02.2024

"அப்போ பிள்ளை என்ன செஞ்சாலும் சரின்னு தலையாட்டணுமா?"ன்னு ஒருத்தர். இல்ல. டிபிடில இருக்குற மொத 'டி'யே அதுக்குத்தான். டயலெக்டிக்கல். தமிழ்ல இயங்கியல், எதிரும் புதிருமா இருக்குற ரெண்டையும் சேத்துப் புடிக்குறது.

இதை எங்க அப்பாகிட்ட போன்ல சொன்னப்ப நடந்த கூத்து தனிக்கதை. பாளையங்கோட்டையில ரிட்டயர்ட் பேங்க் கிளார்க், 30 வருசம் யூனியன். பேத்திக்கு என்ன வைத்தியம்னு கேட்டாரு. ரொம்ப யோசிச்சு "இயங்கியல் நடத்தைச் சிகிச்சை"ன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம், "ஏலே, அமெரிக்காக்காரன் மார்க்ஸை வச்சா வைத்தியம் பாக்கான்?"

சிரிக்காதீங்க, கிழவர் சொன்னது அவ்வளவு தப்பில்ல. லினஹன் மொதல்ல நடத்தைச் சிகிச்சையத்தான் செஞ்சு பாத்தாங்க. 'மாறு மாறு'ன்னு சொன்னா, வர்றவங்க 'என் வலி உனக்குப் புரியல'ன்னு எந்திரிச்சுப் போனாங்க. சரின்னு 'நீ இருக்குறபடியே சரி'ன்னு சொன்னா, 'அப்ப நான் இப்படியே கெடந்து சாகவா'ன்னு கேட்டாங்க. ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லவேண்டிய கட்டாயம். இதுக்கு 'இயங்கியல்'னு பேர் இருக்குன்னு எடுத்துக்குடுத்தது அவங்க ஆபீஸ்ல வேலை பாத்த ஒரு பெண். அந்தப் பெண்ணோட வீட்டுக்காரர் மார்க்சியத் தத்துவத்துல ஊறினவர். அப்பாகிட்ட இதைச் சொன்னதுல இருந்து டிபிடி அவருக்குச் சொந்த வைத்தியம் ஆயிருச்சு. வாரா வாரம் "முரண்பாடு எப்படி இருக்கா?"ன்னு விசாரிப்பாரு.

வளரிளம் பிள்ளைங்களுக்கு இதை மாத்தி அமைச்சது நியூயார்க் பக்கம் ஜில் ரேத்தஸ், அலெக் மில்லர்னு ரெண்டு பேர். பெத்தவங்களை வகுப்புக்குள்ள இழுத்துவிட்டது அவங்கதான். 'நடுப்பாதையில நடக்குறது'ன்னு ஒரு பாடத்தையே சேத்தாங்க. அதுல மூணு இழுபறி. ரொம்பக் கறாரா இருக்குறதா, ரொம்ப விட்டுர்றதா. சாதாரண விடலைத்தனத்தைப் பெருசாக்குறதா, ஆபத்தானதைச் சின்னதாக்குறதா. கையை ஒரேயடியா விடுறதா, இறுக்கிப் புடிச்சுக்கிறதா. நான் மூணுலயும் ரெண்டு நுனிலயும் மாறி மாறிக் குதிச்சிருக்கேன், சில நாள் ஒரே சாயங்காலத்துல.

எங்க நடுப்பாதை: ராத்திரி பத்தரைக்குப் போன் சமையக்கட்டுல சார்ஜ் ஆகணும். பதிலுக்கு நான் அதைத் தொறந்து பாக்க மாட்டேன். இந்த ஒரு வரி எழுத ரெண்டு வாரம் ஆச்சு.

19.02.2024

[நீக்கிட்டேன். மக படிச்சுட்டு எடுக்கச் சொன்னா. நியாயம்தான்.]

02.03.2024

மொதக் குறிப்புல ஒரு பொய் எழுதியிருக்கேன். "ஆறு மாசத்துல சரியாப்போச்சு." அதைப் படிச்சுட்டு ஒருத்தர் "எங்களுக்கு அஞ்சு மாசம் ஆச்சு, இன்னும் நிக்கல, நாங்க எங்க தப்புப் பண்ணினோம்"னு கேட்டிருக்காங்க. நீங்க தப்புப் பண்ணல. எங்களுக்கு நாலாவது மாசம் மறுபடி நடந்தது. ஆறாவது மாசம் இன்னொரு தடவை. 'ஆகஸ்ட்ல முடியுது'ன்னு காலண்டர்ல வட்டம் போட்டிருந்தேன். டிசம்பர் வரைக்கும் நீட்டிச்சோம். சரியாப்போச்சுன்னு நான் எழுதினது, அப்படி எழுதிப் பாக்கணும்னு ஆசையா இருந்ததால.

ஆராய்ச்சியும் இப்படித்தான் சொல்லுது. நார்வேல, ஓஸ்லோவுல, 77 பிள்ளைங்களை வச்சு 19 வாரம் பாத்தாங்க (2014ல வெளியாச்சு). வழக்கமான வைத்தியத்தை விட டிபிடில தன்னைக் காயப்படுத்திக்குறது நல்லாக் குறைஞ்சது. அமெரிக்காவுல 173 பிள்ளைங்க, நாலு எடம், சியாட்டிலும் அதுல உண்டு, ஆறு மாச வைத்தியம், 2018ல வந்தது. ஆறு மாச முடிவுல டிபிடி தெளிவா முந்துச்சு. ஆனா ஒரு வருசத்துல டிபிடி எடுக்காத அடுத்த குழுவும் முன்னேறி வந்ததால இடைவெளி சுருங்கிருச்சு. அந்தக் குழு வாங்குனது வெறும் அறிவுரை இல்ல, ஒழுங்கான ஆதரவுச் சிகிச்சை. டிபிடின்னு பேர் போட்ட எடம் பக்கத்துல இல்லைன்னா கையைக் கட்டிக்கிட்டு உக்காராதீங்க. நல்லாக் கேக்குற ஒரு தெரபிஸ்ட் வாரா வாரம் கெடைச்சாலும் புடிச்சுக்கோங்க.

லினஹன் பத்தி ஒண்ணு. 1961ல, 17 வயசுல, அவங்களே கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்போர்டுல ஒரு மனநல மருத்துவமனையில சேக்கப்பட்டவங்க. தன்னைக் காயப்படுத்திக்கிட்டவங்க. ரெண்டு வருசத்துக்கு மேல உள்ள இருந்தாங்க. டிபிடி வேலை செய்யுதுன்னு காட்டுன மொத ஆய்வு 1991ல, பாடநூல் 1993ல. தன் கதையைப் பொதுவுல சொன்னது 2011ல. அதாவது அம்பது வருசம் கழிச்சு. என் மக இதைக் கேட்டுட்டு, "அந்தப் பாட்டிக்கு மட்டும் 50 வருசம் டைம், எனக்கு ஆகஸ்டா?"ன்னா.

03.03.2024

ஒரு டீச்சர் கேட்டிருக்காங்க, இதை வகுப்புல எல்லாப் பிள்ளைங்களுக்கும் நடத்தலாமேன்னு. நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆஸ்திரேலியாவுல ஆயிரத்துக்கும் மேல பிள்ளைங்களை வச்சு, அதுல பாதிப் பேர் போல எட்டு வாரம் நடத்திப் பாத்தாங்க, 2023ல வந்துச்சு. பாடம் முடிஞ்ச கையோட அளந்தா, பதட்டமும் சோர்வும் கொஞ்சம் கூடியிருந்தது, பெத்தவங்களோட உறவு கொஞ்சம் கொறைஞ்சிருந்தது. வீட்ல பழகிப்பாத்த பிள்ளைங்க தேவலையா இருந்தாங்க, ஆனா பழகினவங்க கொஞ்சப் பேர்தான். பசிக்காதவனுக்கு ஊட்டுன கதை. வேணும்னு வந்த பிள்ளை, கூட ஒரு தெரபிஸ்ட், பக்கத்துல அப்பா அம்மா, இதெல்லாம் இல்லாம தாளை மட்டும் குடுத்தா தாள்தான் மிஞ்சும்.

கேள்வி கேட்டவர் கவனிக்க: உங்க கையில இருக்குறதும் தாள் மட்டும்தான். நீங்க ஏமாத்துன்னு நெனச்சதுல அந்த அளவுக்கு உண்மை இருக்கு.

10.03.2024

டைரி அட்டை. தெனம் ராத்திரி பிள்ளை நிரப்பணும். இன்னைக்குச் சோகம் அஞ்சுக்கு எத்தனை, கோவம் எத்தனை, காயப்படுத்திக்கத் தோணுச்சா, செஞ்சியா, எந்தப் பயிற்சியை எடுத்த. தெரபிஸ்ட் வாராவாரம் மொதல்ல அதைத்தான் பாப்பாங்க.

வாஷிங்டன் மாநிலத்துல 13 வயசு ஆயிட்டா பிள்ளை தானே மனநல வைத்தியத்துக்குச் சம்மதம் குடுக்கலாம், அப்பா அம்மா கையெழுத்து வேணாம். உள்ள என்ன பேசுனாங்கன்னு கேக்குற உரிமையும் எனக்குக் கெடையாது. உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் கூப்பிட்டுச் சொல்வாங்க. மொத நாள் இதைச் சொன்னப்ப எனக்கு ஏத்துக்கவே முடியல. பீஸ் நான் கட்டுறேன், இன்சூரன்ஸ் என் பேர்ல, தகவல் மட்டும் கெடையாதா?

அதனால ஒரு ராத்திரி, அவ தூங்குன பிறகு, அட்டையைப் போட்டோ எடுத்தேன்.

எப்படிக் கண்டுபுடிச்சான்னு இன்னும் தெரியாது. மூணு வாரம் அட்டை காலி. டிபிடில 'சிகிச்சையைக் கெடுக்கும் நடத்தை'ன்னு ஒரு வகை இருக்கு: வகுப்புக்கு வராம இருக்குறது, வீட்டுப்பாடம் செய்யாதது. உயிராபத்துக்கு அடுத்தபடியா அதைத்தான் பேசுவாங்க. அட்டை ஏன் காலின்னு பேச எங்களையும் கூப்பிட்டாங்க. மக என்னையப் பாத்தா. சிகிச்சையைக் கெடுத்தது யாருன்னு பலகையில எழுதும்போது 'அப்பா'ன்னு எழுத வேண்டியதாப்போச்சு. அவ முன்னாடி போட்டோவை அழிச்சேன். அதுக்கு மறுவாரம் மூணு நாள் மட்டும் நிரப்பியிருந்தா.

10.03.2024, மறுபடி

நீங்க கேக்கும் முன்னாடி சொல்லிர்றேன், இல்ல, போட்டோவுல என்ன இருந்துச்சுன்னு எழுத மாட்டேன்.

24.03.2024

போன் விஷயம். தாங்க முடியாத நேரத்துல பிள்ளை தெரபிஸ்டுக்குப் போன் பண்ணலாம். அஞ்சு பத்து நிமிஷம்தான். கதை கேக்க மாட்டாங்க. "இப்ப எந்தப் பயிற்சி, எத்தனை எடுத்த, அடுத்து எது"ன்னு கிரிக்கெட் கோச் மாதிரி. ஆனா காயப்படுத்திக்கிட்டா அடுத்த 24 மணி நேரம் கூப்பிட முடியாது. இது எனக்குக் கல்நெஞ்சமாப் பட்டுச்சு. அவங்க கணக்கு: செஞ்ச பிறகு கூப்பிட்டா ஆறுதல் கெடைக்கும்னு உடம்பு பழகக் கூடாது, செய்றதுக்கு முந்தி கூப்பிடுற பழக்கம் வரணும்.

பெத்தவங்களுக்கும் இப்படி ஒரு நம்பர் உண்டு, ஆனா அது பிள்ளையோட தெரபிஸ்ட் இல்ல, வகுப்பு எடுக்குறவங்க. பிள்ளையோட ஆள் பிள்ளைக்கு மட்டும். நான் ஒரே ஒரு தடவை கூப்பிட்டேன், காஸ்ட்கோ பார்க்கிங்ல இருந்து. மக கதவைப் பூட்டிக்கிட்டான்னு வீட்டுக்காரி அழுதுக்கிட்டே கூப்பிட்டா, எனக்குக் கை நடுங்குச்சு. அந்த அம்மா கேட்டாங்க, "மொதல்ல நீங்க மூச்சு விட்டீங்களா?" கடுப்பா இருந்துச்சு. விட்டேன். பிறகுதான் கதவுக்கு வெளிய நின்னு என்ன சொல்லணும்னு சொன்னாங்க. "நான் இங்கதான் இருக்கேன். பேச வேணாம். நீ சேஃபா இருக்கேன்னு மட்டும் ஒரு தட்டுத் தட்டு." தட்டுனா.

25.03.2024

ஒரு வாசகி திருத்துறாங்க, சரியான திருத்தம். 24 மணி நேர விதி பயிற்சிக்கான போனுக்கு மட்டும். உயிருக்கு ஆபத்துன்னா அந்த விதி செல்லாது, உடனே கூப்பிடணும், இங்க அமெரிக்காவுல 988 (தற்கொலைத் தடுப்பு லைன்) அல்லது 911 (அவசர உதவி), ஆஸ்பத்திரி. ஏற்கெனவே குறிச்ச சந்திப்பும் நடக்கும். சின்னப் பிள்ளைங்களுக்குச் சில எடத்துல விதியைத் தளர்த்துறதும் உண்டு. நான் எழுதினதை அரைகுறையாப் படிச்சுட்டு யாரும் பிள்ளையைப் போன் பண்ண விடாம தடுத்துராதீங்க.

14.04.2024

புத்தாண்டு, பாயசம் உண்டு. ஆச்சி கேள்விக்கு வர்றேன்.

எங்க ஆச்சியும் இப்படித்தான். நான் சின்ன வயசுல கோவத்துல தட்டை எறிஞ்சா, ஒண்ணும் கேக்காது. "போயி கெணத்துல தண்ணி எறைச்சு தொட்டிய நெரப்பு"ன்னு அனுப்பும். இருபது வாளி. பதினஞ்சாவது வாளில கோவம் எங்க போச்சுன்னே தெரியாது. இது அப்படியே டிபிடி பாடத்துல இருக்கு, கடும் உடற்பயிற்சின்னு. மூஞ்சி கழுவிட்டு வான்னு சொல்றதும் இருக்கு. அதனால உங்க ஆச்சி தரப்பு வாதத்துல பாதியை ஒத்துக்குறேன்.

மீதிப் பாதி: ஆச்சி என்னைய எறைக்கச் சொன்னது என் கோவத்துக்கா, தொட்டி காலியா இருந்ததாலயா? சத்தியமாத் தெரியல. அதோட, எனக்குக் கோவம் வராத நாள்ல அது என்னைய எறைக்கச் சொல்லி பழக்கல. டிபிடி அதைத்தான் செய்யுது. புயல் இல்லாத நாள்ல துடுப்புப் போடச் சொல்லுது. தெனம், சலிச்சுப்போற அளவுக்கு. மக மூணு மாசம் ஒண்ணும் இல்லாத சாயங்காலங்கள்ல மூச்சு எண்ணினா. நானும் எண்ணினேன். எனக்கு அதுல தூக்கம்தான் வந்துச்சு.

இங்கதான் நான் செஞ்ச பெரிய முட்டாள்தனம். ரெண்டாவது மாசத்துல இருந்து, அவ முகம் சுருங்குனாலே "ஸ்கில் யூஸ் பண்ணு, ஸ்கில் யூஸ் பண்ணு"ன்னு பின்னாடியே போனேன். பட்டாணி பாக்கெட்டைக் கையில வச்சுக்கிட்டு. ஒரு கட்டத்துல 'ஸ்கில்'ங்குறது எங்க வீட்ல கெட்ட வார்த்தை. தம்பிக்காரன் ரிமோட் தரலன்னா "போய் ஸ்கில் யூஸ் பண்ணு போ"ன்னு திட்டுவான். ஆச்சி ஒரு தடவை சொல்லிட்டுத் திண்ணைல போயி உக்காந்துக்கும். எறைச்சேனான்னு எட்டிப் பாக்காது. அதைத் தெரபிஸ்ட் எனக்குச் சொல்லிக்குடுக்க 150 டாலர் ஆச்சு.

05.05.2024

சங்கிலி ஆய்வு பத்தி ஒரு வரிகூட எழுதலயேன்னு கேட்டிருக்கீங்க. எழுத யோசிச்சேன். மககிட்டக் கேட்டுட்டேன், இது போடலாம்னுட்டா.

ஒரு தடவை நடந்துட்டா, அடுத்த சந்திப்புல அதைக் கண்ணி கண்ணியாப் பிரிப்பாங்க. எதுல ஆரம்பிச்சது, அதுக்கு முந்தி உடம்பு எப்படி இருந்துச்சு, எந்த நெனப்பு வந்தது, எந்த எடத்துல வேற பக்கம் திரும்பியிருக்கலாம். 'ஏன் செஞ்ச'ன்னு ஒரு தடவைகூடக் கேக்க மாட்டாங்க. 'ஏன்'னா பிள்ளைங்க நம்ம மாதிரியே ஒரு காரணத்தைத் தயார் பண்ணிச் சொல்லிரும். 'அதுக்கு அடுத்து என்ன'ன்னு மட்டும்தான்.

நாலாவது மாசத்துச் சங்கிலி. ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின ராத்திரி நாலு மணி நேரத் தூக்கம். காலைல அஞ்சரைக்கு நீச்சல். சாப்பிடல. மூணாவது பீரியடுல அல்ஜீப்ரா பேப்பர் திருத்தி மார்க்கை ஆன்லைன்ல ஏத்துறாங்க. அந்த மார்க் பிள்ளைக்குப் போறதுக்கு முந்தி பெத்தவங்க போனுக்கு வரும். நான் ஆபீஸ் மீட்டிங்ல இருந்தேன். 10:40க்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கேன்.

"82?"

அவ்வளவுதான். திட்டல. ஒரு எண், ஒரு கேள்விக்குறி. அனுப்புனதே எனக்கு ஞாபகம் இல்ல. பலகையில எட்டுக் கண்ணி. நாலாவது கண்ணி அது. தெரபிஸ்ட் அதைப் பெருசாக்கல, மத்தக் கண்ணி மாதிரியே ஒரு வட்டம். தூக்கமும் ஒரு வட்டம், சாப்பிடாததும் ஒரு வட்டம், மதியம் பிரெண்டு ஒருத்தி பேசாதது ஒரு வட்டம். ஒவ்வொண்ணுலயும் என்ன மாத்தலாம்னு கேட்டாங்க. நீச்சலை வாரத்துக்கு ரெண்டு நாள் ஆக்கினோம். காலைல அவ கையில ஒரு வாழைப்பழமாவது திணிக்குறது வீட்டுக்காரி பொறுப்பு. என் வட்டத்துக்கு நான் எழுதினது: மார்க் அறிவிப்பை என் போன்ல அணைக்குறது.

இப்ப அவ மார்க்கை அவளே சொல்றா. எல்லாத்தையும் இல்ல. கேக்காம இருக்குறதுக்கு நான் என்ன பாடுபடுறேன்னு அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்கும்.

20.07.2024

கேள்வி கேட்டவர் அஞ்சு மாசம் கழிச்சு வந்திருக்காரு. அக்கா மக இப்ப போறாளாம், வாரம் ஒரு தடவை. சந்தோசம். அவர் வீட்ல இன்னும் பயம், ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸ் ஆகுமான்னு. 2017 மனநலச் சட்டம், பிரிவு 115: தற்கொலைக்கு முயன்றவர், வேறன்னு நிரூபிச்சா ஒழிய, கடும் மன அழுத்தத்துல இருந்ததாத்தான் கருதணும், தண்டிக்கக் கூடாது. தற்கொலை முயற்சியைக் குத்தம்னு சொன்ன பழைய 309 பிரிவே, 2024 ஜூலை 1ல வந்த புதுக் குற்றச் சட்டத்துல அப்படியே கெடையாது. அதுவும் உங்க பிள்ளை சாக முயற்சி பண்ணல, காயப்படுத்திக்கிட்டா. பயந்து வீட்ல கட்டுப்போட்டு மறைக்காதீங்க.

சென்னையில இருக்குறவங்களுக்கு: 'ஸ்நேஹா'ங்குற தற்கொலைத் தடுப்பு அமைப்பு 1986ல இருந்து இருக்கு, அங்க பேசலாம். 'நாங்க டிபிடி செய்றோம்'னு சொல்ற எடத்துல நாலே கேள்வி கேளுங்க. தனியாப் பாப்பீங்களா? வகுப்பு உண்டா, அதுல நாங்களும் உண்டா? நடுவுல போன் பண்ணலாமா? நீங்க தெரபிஸ்டுங்களுக்குள்ள வாராவாரம் கூடிப் பேசுவீங்களா? கடைசிக் கேள்வி விசித்திரமாத் தெரியும். எரியுற பிள்ளைங்களோடயே நாள் பூரா இருக்குறவங்களுக்கும் கருகும்ல. அதுக்குத்தான் அந்தக் கூட்டம். நாலும் இல்லைன்னா ஓடிவந்துராதீங்க, எது இருக்கோ அதைத் தெரிஞ்சு எடுத்துக்கோங்க.

19.01.2025

மக இழை முழுசையும் படிச்சுட்டா. இப்ப 16. திருத்தங்கள் அவ சொன்னபடி:

ஆறு குடும்பம் இல்ல, அஞ்சு. ஒரு குடும்பம் ரெண்டாவது வாரமே நின்னுருச்சு, "உனக்கு எப்பவும் ரவுண்டா சொல்லணும்."

'ஆனா' ஏழு தடவை இல்ல, பதினொண்ணு.

கதவைத் தட்டுனது சேஃபா இருக்கேன்னு சொல்ல இல்ல, "நீ போகணும்னு தட்டினேன்." இதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. போகாம நின்னுக்கிட்டு இருந்தேன்னு ஞாபகம்.

ஆச்சி விஷயம் அவளுக்குப் புடிச்சிருக்கு. கெணறு இன்னும் இருக்கான்னு கேட்டா. மூடிட்டாங்க.

அப்புறம் பட்டாணி. பொங்கலுக்கு ப்ரீசரைச் சுத்தம் பண்ணும்போது அந்தப் பழைய பாக்கெட் வந்துச்சு, 2023ல வாங்குனது, ஒரே ஐஸ் கட்டி. தூக்கிப் போடலாமான்னு வீட்டுக்காரி என்னையப் பாத்தா, நான் மகளைப் பாத்தேன். "போட்டுரு, அது ரொம்ப ஹார்டாயிருச்சு, முகத்துல நிக்காது"ன்னா. நேத்துக் கடைக்குப் போனப்ப ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வந்தேன். ஒண்ணுல இன்னைக்குக் குருமா.